றங்குப்பெட்டியில் கிடந்த தலைவர்கள்: பழைய சரித்திர நூல்களை வாசிப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்து வாசிகசாலையில் சனி, ஞாயிறு பின்னேரங்களில் நான் இருப்பேன். பேப்பர் பார்க்க வருகிறவர்கள்தான் அதிகம். இடைக்கிடை யாராவது ஒரு பழைய புத்தகக் கட்டோடு வருவார்கள். வீடு திருத்தும்போதோ, வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வந்து அப்பப்பாவின் அறையைத் துப்புரவாக்கும்போதோ ஒரு றங்குப்பெட்டி வெளிப்பட்டிருக்கும். அதற்குள் ஆறுமுக நாவலர், சேர் பொன்னம்பலம் இராமநாதன், காந்தி, செல்வநாயகம் என்று பழுப்பேறிய சரித்திரங்கள். "இதுகளை இனி யார் வாசிக்கிறது?" என்பதில் தொடங்கி அவர்கள் கேட்பவற்றுக்கு நான் சொல்லும் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

எல்லாம் புகழ்மாலைதானே, ஏன் வாசிக்க வேண்டும்?

முக்கால்வாசி புகழ்மாலைதான், மறுக்கவில்லை. நூற்றாண்டு விழாவுக்கு, குருபூசைக்கு, சிலை திறப்புக்கு என்று எழுதப்பட்டவை. பிறந்தபோதே முகத்தில் ஒளி, பள்ளியில் முதலாமிடம், யாருக்கும் அஞ்சாத நா, கடைசியில் ஊரே அழுத இறுதி ஊர்வலம். ஒன்றை வாசித்தால் மற்றதன் பாதி தெரிந்துவிடும்.

ஆனாலும் மாலை கட்டியவர் யார், எந்த ஆண்டில் கட்டினார், பூ வாங்கக் காசு கொடுத்தது யார் என்று பார்க்கத் தொடங்கினால் புத்தகம் வேறு மாதிரித் திறக்கும். நாவலரின் சரித்திரத்தை எழுதிய த. கைலாசபிள்ளை அவருக்குப் பெறாமகன் முறை. வெளியாருக்குத் தெரியாத சங்கதிகள் அவருக்குத் தெரியும்; வெளியே சொல்லக் கூடாதவை எவை என்பதும் தெரியும். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு வாசிக்க வேண்டும்.

நான் முதலில் திறப்பது தலைப்புத் தாளின் பின்பக்கம். அச்சான ஆண்டு, அச்சகம், எத்தனையாம் பதிப்பு. அடுத்தது முன்னுரையின் கடைசிப் பந்தி, அதாவது நன்றி சொல்லும் இடம். யாருடைய உதவியால் நூல் வெளிவந்தது என்று அங்கேதான் இருக்கும். அதைப் பார்த்த பிறகு, எந்த அத்தியாயம் ஏன் இவ்வளவு நீளம் என்று பெரும்பாலும் விளங்கிவிடும்.

யாரில் தொடங்கலாம்?

உங்கள் வீட்டில் இருப்பவரில். காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை.

தெரிவு உண்டு என்றால் இராமநாதனை எடுங்கள். 1851 இல் பிறந்து 1930 இல் இறந்தவர். சட்டநிரூபண சபை, 1915 கலவரம், அரசியலமைப்பை மாற்ற இங்கிலாந்து அனுப்பிய டொனமூர் ஆணைக்குழு என்று அரை நூற்றாண்டு அரசியல் முழுக்க அவர் வழியாகப் போகிறது. மு. வைத்திலிங்கம் ஆங்கிலத்தில் எழுதிய இரண்டு பாகச் சரித்திரம் பெரிது. முதல் வாசிப்புக்கு அது வேண்டாம், சிறிய தமிழ் நூல் ஒன்று போதும். தம்பி அருணாசலத்தை அடுத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். 1919 இல் இலங்கைத் தேசிய காங்கிரஸின் முதல் தலைவராக இருந்தவர், மேல் மாகாணத்தில் தமிழருக்கு ஒரு தொகுதி என்று கொடுத்த வாக்கு காற்றில் போனதும் 1921 இல் வெளியேறினார். அண்ணனை வாசித்துவிட்டுத் தம்பியை வாசித்தால், ஒரே வீட்டில் எத்தனை வகை அரசியல் இருந்தது என்று ஆச்சரியப்படுவீர்கள்.

"தாது வருஷம் ஆவணி மாதம்" என்று போட்டிருக்கிறது. எந்த ஆண்டு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். தமிழ் வருஷப் பெயர்கள் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். 1867, 1927, 1987 மூன்றும் பிரபவ. அதிலிருந்து வரிசையாக எண்ணிக்கொண்டு போனால் பத்தாவது தாது: 1876, 1936, 1996. பழைய பஞ்சாங்கம் ஒன்றில் 60 பெயர்களும் இருக்கும், அதைப் போட்டோக்கொப்பி எடுத்து அலுமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டிவிடுங்கள்.

மூன்றில் எது என்பதைச் சுற்றியிருக்கும் செய்திதான் சொல்லும். நாவலர் கஞ்சித்தொட்டி வைத்த பஞ்சம் என்றால் 1876ஐ ஒட்டியதுதான், சந்தேகமில்லை. அவர் 1879 இல் இறந்துவிட்டார். ஆள் தெரியாத இடத்தில்தான் சிக்கல். ஒரு முறை ஒரு துண்டுப்பிரசுரத்தில் தாது என்பதைக் கண்டு 1876 என்று அடித்துச் சொல்லி, ஒரு கூட்டத்தில் பேசியும் விட்டேன். கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும்போது ஒரு ஐயா வந்து, "தம்பி, இதில் பஸ் கட்டணம் பற்றி எழுதியிருக்கிறதே?" என்றார். 1936. அறுபது வருஷம் முன்னுக்குத் தள்ளிவிட்டிருந்தேன்.

இன்னொன்று: தமிழ் வருஷம் சித்திரையில் பிறக்கிறது. ஆகவே 1876 தாது வருஷத்துத் தை மாதம் என்றால் அது 1877 சனவரி நடுப்பகுதிக்குப் பின். தை, மாசி, பங்குனியைக் கண்டால் ஒன்றைக் கூட்ட மறக்காதீர்கள். சாலிவாகன சக ஆண்டு கொடுத்திருந்தால் 78ஐக் கூட்டினால் சரி.

எழுத்தே வாசிக்க முடியவில்லை. ௵, ௴ என்றெல்லாம் இருக்கிறதே?

இரண்டு நாள் பழகினால் போதும். ௵ வருஷம், ௴ மாதம், ௳ நாள், ௹ ரூபாய், ௸ மேற்படி. தமிழ் எண்கள் எழுத்துகளைப் போலவே தோன்றும்: ௧ ககரம் மாதிரி, ௨ உகரம் மாதிரி, ௭ எகரம் மாதிரி, ௮ அகரம் மாதிரி. ௧௮௭௬ என்பதை எங்கள் பெடியன் ஒருவன் "கஅஎசு" என்று வாசித்துவிட்டு இது என்ன பாஷை என்று கேட்டான். சில நூல்களில் ஆயிரம், நூறு, பத்துக்குத் தனிக் குறி போட்டு ௲௮௱௭௰௬ என்று இருக்கும், அதுவும் 1876தான்.

தும்பிக்கை தூக்கிய லை, ளை, னை, ணை, வளைந்து ஒட்டிய ணா, றா, னா ஆகியவற்றை அம்மம்மாவுக்குக் காட்டுங்கள். கண்ணாடி போடாமலே வாசிப்பா.

சொற்களும் விளங்கவில்லையே?

"ஏசண்டுத்துரை" அரசாங்க அதிபர். "சட்டநிரூபண சபை" 1833 இல் தொடங்கி 1931 வரை இருந்த சபை; அதற்குப் பின் வந்தது அரசாங்க சபை, 1947 இலிருந்து பாராளுமன்றம். மூன்றையும் "சட்டசபை" என்றே எழுதிப்போகும் நூல்கள் உண்டு, ஆண்டைப் பார்த்துப் பிரித்துக்கொள்ளுங்கள். "பறங்கியர்" எங்கே போர்த்துக்கேயர், எங்கே பொதுவாக ஐரோப்பியர் என்பது இடத்துக்கு இடம் மாறும். "சேர்" என்று பெயருக்கு முன்னால் வந்தால் அது இங்கிலாந்து கொடுத்த பட்டம், தமிழ்நாட்டு நூல்களில் "சர்" என்று இருக்கும். சேர் பொன்னம்பலமும் சர் பொன்னம்பலமும் வேறு வேறு ஆட்கள் என்று நினைத்தவர்கள் உண்டு.

ஒரே சம்பவத்தை இரண்டு நூல்கள் இரண்டு விதமாகச் சொல்கின்றன. எதை நம்புவது?

1915ஐ எடுத்துக்கொள்வோம். அந்த மே மாதக் கடைசியில் கண்டியில் சிங்களவருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே மூண்ட கலவரம் பல மாவட்டங்களுக்குப் பரவியது. ஆங்கில அரசு இராணுவச் சட்டம் போட்டது. டி. எஸ். சேனநாயக்கா, டி. பி. ஜயதிலக்கா போன்றவர்கள் சிறைக்குப் போனார்கள், ஹென்றி பேத்ரிஸ் என்ற இளைஞர் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது படித்த இலங்கையருக்கென்று இருந்த ஒரே ஆசனத்தில் 1911 இல் தெரிவாகிச் சபையில் இருந்தவர் இராமநாதன். இராணுவச் சட்டக் கொடுமைகளைச் சபையில் பேசி, முதலாம் உலகப் போர்க்காலத்தில் கடல் கடந்து இலண்டன் போய் முறையிட்டு, 1916 இல் அங்கேயே அதைப் பற்றி நூலும் வெளியிட்டார். திரும்பி வந்தபோது கொழும்பில் குதிரைகளை அவிழ்த்துவிட்டுச் சிங்களப் பிரமுகர்களே அவருடைய வண்டியை இழுத்துப் போனார்கள் என்பது நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்த கதை.

தமிழில் எழுதப்பட்ட சரித்திரங்களுக்கு இந்த வண்டிதான் உச்சக்கட்டம். கவனித்துப் பாருங்கள், கதை ஒன்றாக இருந்தாலும் குரல் மாறும். நான் பார்த்த வரையில் பழைய நூல்கள் இதைப் பெருமையோடு சொல்லி, இலங்கையர் ஒற்றுமைக்குச் சாட்சியாக வைக்கின்றன. தனிச் சிங்களச் சட்டம் வந்த 1956க்குப் பிறகு அச்சானவற்றில் அதே வண்டி, "இப்படி இழுத்தவர்கள் பிறகு என்ன செய்தார்கள் பார்" என்ற மனக்குறையோடு வருகிறது. சம்பவத்துக்கு வயது ஏறவில்லை, எழுதுகிறவரின் காலம் மாறிவிட்டது.

மூன்றாவது பக்கமும் இருக்கிறது. கடைகளும் பள்ளிவாசல்களும் உடைபட்டது முஸ்லிம்களுக்கு. அவர்களுடைய நினைவில் இராமநாதன், தங்களைத் தாக்கிய தரப்புக்காக வாதாடப் போனவர். அதற்கு முன்னமே, 1880களில், இலங்கைச் சோனகர் (இலங்கை முஸ்லிம்கள்) இனத்தால் தமிழரே என்று அவர் வாதிட்டிருந்தார். அதை மறுத்து ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் 1907 இல் நூலே எழுதினார். இந்த இரண்டையும் வாசிக்காமல் 1915ஐ வாசித்தால் பாதிக் கதைதான். எங்கள் வீட்டு றங்குப்பெட்டிகளில் அப்துல் அஸீஸின் நூலை நான் ஒருநாளும் கண்டதில்லை.

எதை நம்புவது என்றால், தேதி, சட்டம், பேச்சு, யார் எங்கே இருந்தார் என்பவற்றை ஒப்பிட்டு நம்பலாம். "மக்கள் வெள்ளம்", "கண்ணீர் மல்க", "எதிரிகளும் வியந்தனர்" என்பவை எழுத்தாளரின் மனநிலையைக் காட்டும் சொற்கள்.

இந்த நூல்களில் சாதி பற்றி ஒரு சொல்லும் இல்லையே?

இருக்கும், ஆனால் சாதி என்ற பெயரில் இருக்காது. "உயர்குடிப் பிறந்த", "நல்ல குடும்பத்து", "மரபு வழுவாத" என்று வரும் இடங்களைப் பென்சிலால் மெல்லக் கோடிட்டுப் பாருங்கள்.

1931 இல் இலங்கையில் 21 வயதான எல்லாருக்கும், ஆண் பெண் வித்தியாசமின்றி, வாக்குரிமை வந்தது. ஆசியாவில் முதலில் வந்தது இங்கேதான் என்று பெருமையாகச் சொல்கிறோம். அதை எதிர்த்தவர்களில் இராமநாதனும் ஒருவர். சில சரித்திரங்கள் இதை அரைப் பக்கத்தில், "சிறுபான்மையினர் நலன் கருதி" என்று முடித்துவிடும். சிறுபான்மைக் கவலை உண்மைதான், பொய்யில்லை. ஆனால் கூலிக்காரனுக்கும் அடிமை குடிமை என்று ஒதுக்கப்பட்டவனுக்கும் தனக்குச் சமமாக ஒரு வாக்கா என்ற வெறுப்பும் அந்தக் காலத்து எதிர்ப்பில் கலந்திருந்தது. அதைச் சொல்லாத நூல், வாக்குக் கிடைத்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு எழுதப்பட்ட நூல் ஆகாது.

அதே காலத்தில் இன்னொரு பக்கம் யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ். 1924 இல் ஹன்டி பேரின்பநாயகம் போன்றவர்கள் தொடங்கியது, பின்னால் வாலிபர் காங்கிரஸ் ஆனது. தீண்டாமை ஒழிய வேண்டும், நாடு முழுவதும் ஒன்றாகச் சுயராச்சியம் கேட்க வேண்டும் என்றார்கள். டொனமூர் திட்டத்தில் சுயராச்சியம் இல்லை என்று 1931 தேர்தலைப் பகிஷ்கரித்தார்கள். வடக்கில் நான்கு தொகுதிகள் 1934 வரை ஆள் இல்லாமல் கிடந்தன. இதை வீரம் என்று சொல்லும் நூலும், தமிழன் தன் காலில் தானே வெட்டிக்கொண்டது என்று சொல்லும் நூலும் எங்கள் அலுமாரியில் ஒரே தட்டில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. என்னைக் கேட்டால், இரண்டிலும் கொஞ்சம் உண்டு.

காந்தி யாழ்ப்பாணத்துக்கு வந்தாராமே, அது பற்றி எதில் இருக்கிறது?

வந்தார், 1927 நவம்பர் கடைசியில். மேலே சொன்ன மாணவர் காங்கிரஸின் அழைப்பு. பிரபவ வருஷம் கார்த்திகை என்று பழைய குறிப்புகளில் தேடுங்கள். கதர் நிதி சேர்த்தார், தீண்டாமையையும் குடியையும் பற்றிப் பேசினார். கூட வந்த மகாதேவ தேசாய் அந்தப் பயணத்தை ஆங்கிலத்தில் நூலாக எழுதி 1928 இல் வெளியிட்டார். இது சுடச்சுட எழுதப்பட்டது என்பதால், ஐம்பது வருஷம் கழித்து வந்த நினைவு மலர்களைவிட இதைத்தான் நான் முதலில் கொடுப்பேன். நினைவு மலர்களின்படி பார்த்தால் காந்தி தேநீர் குடிக்காத வீடே வலிகாமத்தில் இல்லை. (அவர் தேநீரே குடிப்பதில்லை என்பது வேறு விஷயம்.)

பெண் தலைவர்கள் பற்றி எதுவும் இல்லையா?

பழைய நூல்களில் "அவர்தம் அருமைத் துணைவியார்" என்ற ஒரு வரிதான். 1932 இல் கொழும்பு வடக்கிலிருந்து அரசாங்க சபைக்குப் போன நேசம் சரவணமுத்துவின் பெயரைக் கேட்டால் எங்கள் உயர்தரப் பிள்ளைகளே முழிக்கிறார்கள். தனி நூல்களைத் தேடிக் களைக்காதீர்கள், பழைய பத்திரிகைகளில் தேடுங்கள்.

செல்வநாயகம், ஜீ. ஜீ. பொன்னம்பலம் காலத்து நூல்களை வாசிக்கும்போது வீட்டில் சண்டை வருகிறது. என்ன செய்ய?

வரத்தான் செய்யும். நாவலரைப் பற்றி அப்பாவும் மகனும் அமைதியாகக் கதைக்கலாம். சபையில் சிறுபான்மையினருக்குப் பாதி இடம் கேட்ட பொன்னம்பலத்தின் ஐம்பதுக்கு ஐம்பதா, செல்வநாயகத்தின் சமஷ்டியா என்றால் இன்னும் சூடு ஆறவில்லை. தந்தை செல்வா என்று தொடங்கும் நூலில் பொன்னம்பலத்தின் தமிழ்க் காங்கிரஸ்காரர் எல்லாம் துரோகி, மறுபக்கத்து நூலில் செல்வநாயகத்தின் தமிழரசுக் கட்சிக்காரர் எல்லாம் வாய்ச்சொல் வீரர்.

நான் சொல்லும் வழி: சரித்திரத்தை மூடிவிட்டு ஒப்பந்தத்தை வாசியுங்கள். அன்றைய பிரதமர் பண்டாரநாயக்காவோடு செய்த 1957 யூலை 26 பண்டாரநாயக்கா செல்வநாயகம் ஒப்பந்தம் சில பக்கந்தான். பிரதேச சபைகள், தமிழ் மொழியின் நிலை, குடியேற்றம் பற்றி என்ன எழுதினார்கள், எதை எழுதாமல் விட்டார்கள் என்று நீங்களே பாருங்கள். அடுத்த ஏப்பிரலில், வீட்டு வாசலில் பிக்குகள் வந்து உட்கார்ந்த பிறகு, பண்டாரநாயக்கா அதைக் கைவிட்டார். 1965 மார்ச் 24 டட்லி (டட்லி சேனநாயக்கா) செல்வநாயகம் ஒப்பந்தத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். அதன் பிறகு சண்டை பிடித்தால் ஆதாரத்தோடு பிடிக்கலாம்.

எங்கே கிடைக்கும்?

யாழ்ப்பாணப் பொது நூலகம் முதலிடம். 1981 மே 31 இரவு அது எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. இப்போது இருப்பவை அதன் பிறகு சேர்ந்தவை. அதனால்தான் உங்கள் றங்குப்பெட்டியை நான் இவ்வளவு பெரிதாக எடுக்கிறேன். அங்கே எரிந்த ஒரு நூலின் பிரதி உங்கள் வீட்டு மேல் தட்டில் கறையானோடு இருக்கலாம்.

இரண்டாவது, 2005 இல் தொடங்கிய நூலகம் என்ற இணைய நூலகம். ஈழத்து நூல்கள், இதழ்கள், மலர்களை வருடி எடுத்து இலவசமாக வைத்திருக்கிறார்கள். போனிலேயே வாசிக்கலாம். மூன்றாவது யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நூலகம். அது நிற்கும் திருநெல்வேலி வளவே இராமநாதன் தொடங்கிய பரமேஸ்வராக் கல்லூரி வளவுதான், அவருடைய சரித்திரத்தை அங்கே இருந்து வாசிப்பது தனிச் சுகம்.

பூச்சி அரித்த புத்தகத்தை எப்படிக் காப்பாற்றுவது?

முதலில் செய்யக் கூடாதவை. நல்ல வெயிலில் விரிக்காதீர்கள், தாள் அப்பளம்போல நொறுங்கும். செலோரேப் ஒட்டாதீர்கள்; பத்து வருஷத்தில் பசை மஞ்சளாகி எழுத்தையும் கொண்டுபோய்விடும். பிளாஸ்டிக் உறை போட்டு லமினேற் செய்கிற வேலை வேண்டவே வேண்டாம்.

செய்ய வேண்டியது: நிழலில், காற்றோட்டத்தில் நிறுத்திவைத்து மென்மையான தூரிகையால் தட்டுங்கள். உயிருள்ள பூச்சி இருந்தால், காற்றுப் புகாத பையில் இறுக்கி, குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில் ஒரு வாரத்துக்கு மேல் வைத்து, எடுத்த பிறகும் ஒரு நாள் பையைத் திறக்காமல் விடுங்கள். (மீன் பக்கத்தில் வைக்காதீர்கள் என்று சொல்ல வேண்டியும் வந்தது.) காய்ந்த வேப்பிலையும் வசம்பும் துணியில் முடிந்து தட்டில் வைக்கலாம். அலுமாரியைச் சுவரை விட்டு நான்கு விரற்கடை தள்ளி வையுங்கள், மாரியில் சுவர் வியர்க்கும்.

ஸ்கான் செய்து எல்லாருக்கும் அனுப்பலாமா?

ஆசிரியர் இறந்து 70 ஆண்டு கடந்திருந்தால் அனுப்பலாம். 2003 அறிவுசார் சொத்துச் சட்டம் அந்தக் காலத்தைத்தான் சொல்கிறது. மற்றவற்றுக்கு ஆசிரியரின் குடும்பத்தைக் கேளுங்கள். "அப்பாவின் புத்தகத்தை இன்னும் யாரோ வாசிக்கிறார்களா?" என்று சந்தோஷப்படுவார்கள்.

பிள்ளையின் ஒப்படைக்கு இவற்றிலிருந்து எழுதலாமா?

எழுதலாம். நூலின் பெயரோடு அச்சான ஆண்டையும் எழுதச் சொல்லுங்கள். சொன்னது 1930 இலா 1980 இலா என்பதைப் பொறுத்து ஆசிரியர் புள்ளி போடுவார், போடாவிட்டாலும் பிள்ளைக்கு விளங்கும்.

ஓரத்தில் யாரோ பென்சிலால் கிறுக்கி வைத்திருக்கிறார்கள். அழித்துவிட்டுத் தரட்டுமா?

தயவுசெய்து அழிக்காதீர்கள். முன்பக்கத்தில் பெயரும் ஊரும் வாங்கிய தேதியும் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். எங்களிடம் இருக்கும் இராமநாதன் சரித்திரம் ஒன்றில், வண்டி இழுத்த பக்கத்துக்கு அருகே கறுப்பு மையில் "பொய்" என்று எழுதியிருக்கிறது. அதற்குக் கீழே, வேறு கையெழுத்தில், பென்சிலால்: "நீர் கண்டீரோ? நான் கண்டேன்."

அந்த இரண்டு பேரும் யார் என்று கண்டுபிடிக்க எனக்கு நெடுநாள் ஆசை. புத்தகத்தைக் கொண்டுவந்து தந்தவரின் வீட்டில் கேட்டேன். அது அப்பப்பாவின் கையெழுத்து என்று சொன்னார்கள், எது என்பதில்தான் வீட்டுக்காரருக்குள் இன்னும் தீராத வழக்கு.